பொய்த் தூரம்

எங்கள் தெருவில் ஒருத்தி உண்டாகியிருக்கிறாள் என்றால் அது அவளுக்கு நிச்சயமாவதற்கு முன்பே தெருவுக்கு நிச்சயமாகிவிடும். இதற்கு ஜோசியமெல்லாம் வேண்டாம். மாதாமாதம் மூன்று நாள் நாங்கள் தூரம் என்று கொல்லை அறையில் விலகி உட்கார வேண்டும். அந்த மூன்று நாளும் தளிகை பண்ணும் அடுப்புப் பக்கம் போகக்கூடாது, குடத்தைத் தொடக்கூடாது, கோயிலை நினைக்கவே கூடாது. ஒரு மாதம் ஒருத்தி உட்காரவில்லையென்றால், மறுநாளே யாராவது வாசலில் நின்று, "என்னடி, விசேஷமா?" என்பாள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வயிறெல்லாம் எங்கள் வயிறு அல்ல, தெருச்சொத்து.

என் அகத்துக்காரர் திருச்சியில் ஒரு காலேஜில் ஜூவாலஜி டெமான்ஸ்ட்ரேட்டர். பெயரை நான் சொல்லமாட்டேன். பக்கத்தகத்து மாமி கூப்பிடும்போது தெரிந்துகொள்ளுங்கள். பையன்களுக்குத் தவளை அறுக்கச் சொல்லித் தருவது அவர் வேலை. பெரிய வகுப்புக்கு மெழுகு பொம்மைகளை வைத்துக்கொண்டு, வயிற்றில் பிள்ளை எப்படி உருவாகிறது என்று பாடம் எடுப்பார். மாமனார் மாமியார் ஊரில் இருந்தார்கள். அகத்தில் நாங்கள் இரண்டே பேர்.

அந்தப் பாடமெல்லாம் எடுத்தவருக்குச் சொந்தமாக ஒரு பிள்ளை இல்லை. இரண்டு தடவை உண்டானேன். இரண்டு தடவையும் மூன்றாம் மாதத்தில் போய்விட்டது. முதலில் மாவடுவோடு வந்த தெரு, பிறகு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தது. யார் கண் பட்டது, யார் வாய் பட்டது என்று என் எதிரிலேயே விசாரணை நடந்தது. கடைசியில் பக்கத்தகத்துச் செண்பகவல்லி மாமிதான் தீர்ப்புச் சொன்னாள். கிணற்றடியில் நின்று, எங்கள் இருவர் காதிலும் விழும்படி, "தவளையை அறுக்கற கை. அந்தப் பாவம் எங்கே போகும்?" என்றாள்.

அன்றிலிருந்து இவர் காலேஜ் பேச்சை அகத்தில் எடுப்பதை விட்டுவிட்டார். அதற்கு முன்பெல்லாம் சைக்கிளை நிறுத்தும்போதே பேச ஆரம்பித்துவிடுவார். கையை ஆட்டி ஆட்டி, பாதி எனக்குப் புரியாமல். போன பிள்ளைக்காக நான் அழுது தீர்த்தேன். இவர் பேசாமல் சாப்பிட்டு எழுந்து போனதுதான் எனக்குத் தாங்கவே இல்லை.

ஆகவே முப்பத்தெட்டாம் வருஷம் கார்த்திகையில் நாள் தள்ளியபோது நான் ஒரு முடிவு செய்தேன். இந்தத் தடவை மூன்று மாதம் தாண்டும்வரை ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாது.

"ஏன்னா, நான் இன்னிக்குக் கொல்லை அறையில உட்காரப் போறேன்" என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. "வந்துடுத்தா?"

"வரலை. அதனாலதான்."

பாடம் நடத்துகிறவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரித்தார் பாருங்கள், எத்தனையோ நாளுக்குப் பிறகு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பிறகு சட்டென்று சிரிப்பு நின்றது.

"அப்போ தளிகை?"

"நீங்கதான். நிஜமா உட்கார்ந்தா நீங்கதானே பண்ணுவேள்?"

அவர் தளிகையைப் பற்றி ஒரு வார்த்தை. சாத்தமுது என்கிற ரசத்தைப் பெருமாளுக்குக் காட்டிக் கண்டருளப் பண்ணும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார். பக்தி என்றுதான் வெகு நாள் நினைத்திருந்தேன். பயம்.

பொய்த் தூரமாக இருந்தாலும் நிலைப்படியைத் தாண்டி அவர் வரமாட்டார். எங்கள் கொல்லைக்கும் மாமியின் கொல்லைக்கும் நடுவே கழுத்தளவுச் சுவர்தான். அதில் மாமியின் தலை எந்த நிமிஷமும் உதயமாகும். பிள்ளை குட்டி இல்லாதவள். தெருவில் யாருக்கு என்ன திதியில் என்ன ஆயிற்று என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆகவே அவர் தட்டை வைத்துவிட்டு, கையில் அஞ்சறைப்பெட்டியோடு தள்ளி நின்றே பாடம் நடத்தினார்.

"இப்போ ஒரு கசகசா. அவ்வளவுதான். ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு, லட்டு பிடிச்ச மாதிரி ஒரு உருண்டையாச்சு. அது மெதுவாப் போய் உள்ளே ஒட்டிண்டிருக்கு."

"கண்ணு மூக்கெல்லாம்?"

"கண்ணாவது மூக்காவது! தலை எது, கால் எதுன்னே அதுக்கு இன்னும் தெரியாது. இப்பதான் முதுகுப் பக்கமா ஒரு கோடு போட்டுண்டிருக்கும். கோடு போட்டப்புறம்தான் இது மேலே, இது கீழே."

அவர் கை ஆடியது. பழைய மாதிரி. உப்பில்லாத கூட்டை நான் முழுக்கச் சாப்பிட்டேன்.

மார்கழியில் சிக்கல் வந்தது. நான் உட்கார வேண்டிய கணக்கில் வைகுண்ட ஏகாதசி வந்து நின்றது. "நாலு நாள் தள்ளி உட்காரேன்" என்றார் இவர். தள்ளி உட்காரலாம், மாமிக்கு யார் பதில் சொல்வது? பஞ்சாங்கம்கூடச் சில சமயம் தப்பும், மாமி தப்பமாட்டாள். ஆகவே ஊரே பரமபத வாசலில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த அன்று, உடம்பில் ஒரு குறையும் இல்லாத நான் கொல்லை அறையில் உட்கார்ந்து, தூரத்தில் "ரங்கா! ரங்கா!" என்று எழுந்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பொய் சொன்னதற்கு நான் அன்றும் வருந்தவில்லை, இன்றும் வருந்தவில்லை. அந்தப் பெருமாள் சேவை போனதற்கு மட்டும் அழுகை வந்தது.

இவர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு நிலைப்படிக்கு வந்தார்.

"இப்போ மொச்சை அளவு ஆயிருக்கும். இதயம் அடிச்சுண்டிருக்கு, தெரியுமோ? மூஞ்சி வரதுக்கு முன்னாடியே அது வந்துடும். கையிலே விரல் இன்னும் பிரியலை, துடுப்பு மாதிரி இருக்கும். வால்கூட இருக்கு."

"வாலா!"

"பயப்படாதே. கரைஞ்சுடும். எல்லாருக்கும் இருந்ததுதான். உனக்கு, எனக்கு, பக்கத்தகத்து மாமிக்கு."

மாமியை வாலோடு நினைத்துப் பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. உடனே சுவருக்கு மேல் தலை உதயமாயிற்று.

"என்னடி சிரிப்பு, தூரமா உட்கார்ந்துண்டு? அதுவும் ஏகாதசியும் அதுவுமா?"

"ஒண்ணுமில்லை மாமி. இவர் நாளைக்கு விரதம் முடிக்கற பாரணைக்கு என்ன பண்ணப் போறார்னு சொல்லிண்டிருந்தார்."

"அது சிரிக்கற விஷயமில்லையே" என்றாள் மாமி. அவள் கண் என் மடியில் இருந்த தொன்னைக்குப் போயிற்று. இவர் உதிர்த்துக் கொடுத்த மாதுளை முத்துக்கள் அதில் இருந்தன. ஒரு நிமிஷம் அதையே பார்த்தாள். பிறகு தலை அஸ்தமித்தது.

தை மாதம் மூன்றாவது தூரம். இதைத் தாண்டிவிட்டால் சொல்லிவிடலாம் என்று இருவரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தோம். "கண், காது, நகம் வரைக்கும் எல்லாம் இடத்துக்கு வந்தாச்சு. இனிமே வளரவேண்டியதுதான் பாக்கி" என்று இவர் முதல் நாள் சொன்னார். இரண்டாம் நாள் காலை புடவையில் ஒரு கறை பார்த்தேன்.

பொய்யாக உட்கார்ந்ததற்கு இது நிஜமாகவே வந்துவிட்டதா என்று அந்த நிமிஷம் நினைத்தேன். "ஏன்னா" என்று ஒரு வார்த்தைதான் வந்தது. இவர் கரண்டியோடு ஓடி வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். ஒவ்வொரு வாரமும் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒப்பிக்கிற மனுஷர், இப்போது என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் நின்றார்.

"டாக்டர் பாக்கியமேரியைக் கூட்டிண்டு வரேன்" என்றார். ஆனால் நகரவில்லை. லேடி டாக்டரின் கார் எங்கள் வாசலில் நின்றால், அவள் இறங்குவதற்குள் தெரு உள்ளே இருக்கும். அதை நினைத்துத்தான் என்னைப் பார்த்தார்.

"தெரு கிடக்கட்டும். போங்கோ!" என்று கத்தினேன். மூன்று மாதம் கட்டிக் காத்ததை ஒரே நிமிஷத்தில் தூக்கி எறிந்தேன். பிள்ளை தங்கினால் போதும்.

"கோபு, நில்லு."

சுவருக்கு மேல் மாமி.

"வாசல் வழியா ஓடாதே. கரண்டியைக் கீழே வை. கொல்லை வழியா சைக்கிளை எடுத்துண்டு போ. டாக்டரை என் ஆத்துக்கு வரச் சொல்லு. செண்பகவல்லிக்கு முழங்கால் பிடிச்சுண்டுடுத்து, எழுந்திருக்க முடியலைன்னு சொல்லு. போ!"

இவர் போனார். மாமி கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, நேரே என் நெற்றியில் கை வைத்தாள். பிறத்தியார் துணி உரசினால்கூட மறுபடி தலைமுழுகுகிற மாமி!

"மாமி, நான் தூரம்..."

"கார்த்திகையிலேர்ந்து நீ எந்த லட்சணத்துல தூரம்னு எனக்குத் தெரியாதா? நிஜமா உட்கார்ந்திருக்கறவளுக்கு எந்த ஆம்படையான் மாதுளம்பழத்தை முத்து முத்தா உதிர்த்துக் கொடுக்கறான்? படு. காலை நீட்டு."

"தெரிஞ்சும் ஏன் மாமி யார்கிட்டயும் சொல்லலை?"

என் காலடியில் தலையணையை வைத்துக்கொண்டே மாமி சொன்னாள். "எனக்கு நாலு போயிருக்கு, மரகதம். நீ இந்தத் தெருவுக்கு வரதுக்கு முன்னாடி. நாலுக்கும் எல்லாரும் வந்தா. அது போனதைக்கூடப் பொறுத்துண்டேன். இவா வந்ததுதான்..." அதை முடிக்கவில்லை. பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "என்னை மலடின்னா. உன்னையும் சொல்ல ஆரம்பிச்சா. எதுமேலயாவது பழியைத் திருப்பணுமேன்னுதான் தவளையை இழுத்தேன். தவளைக்கு ரோஷம் கிடையாது பாரு" என்றாள்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இத்தனை நாள் அவளை மனசுக்குள் திட்டிய திட்டு கொஞ்சமா!

கார் சத்தம் கேட்டதும் மாமி தன் அகத்து வாசலுக்குப் போய், "ஐயோ ரங்கா, முழங்கால் போச்சே!" என்று கோபுரத்துப் புறாக்கள் பறக்கும்படி ஓலமிட்டாள். டாக்டரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தியதும், அவளையும் கூட்டிக்கொண்டு அந்த முழங்காலோடு கொல்லை வழியாக ஓடி வந்தாள்.

டாக்டர் பாக்கியமேரி என்னை நிதானமாகப் பார்த்தாள். "பயப்படாதீங்கம்மா. கர்ப்பப்பை வாய் மூடித்தான் இருக்கு. கொஞ்சம் கறைதான், நின்னுடும்னு நினைக்கிறேன். ஆனா ரெண்டு வாரம் படுத்தே இருக்கணும். குடம் தூக்கக்கூடாது, தண்ணி இழுக்கக்கூடாது."

இவர் பக்கத்தில் நின்று, நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கும், அது பிசகியிருக்குமோ என்று இங்கிலீஷில் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார்.

"சார், அடுப்புல ஏதோ தீயுது. அதைப் பாருங்க" என்றாள் டாக்டர்.

போகும்போது அவளும் நாடகத்தில் சேர்ந்துகொண்டாள். வாசலில் நின்று, "முழங்காலை மடக்கவே கூடாதும்மா! ஒத்தாசைக்குப் பக்கத்து வீட்டுப் பொண்ணை வெச்சுக்குங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

ஆக, மூன்று நாள் கணக்கு முடிந்ததும் மாமிக்கு ஒத்தாசையாக நான் பக்கத்தகம் போனேன். உள்ளே கட்டிலில் நான் படுத்திருப்பேன். மாமி கஞ்சி வைத்துக் கொடுத்து, காலைப் பிடித்துவிடுவாள். மாமாவுக்குக் காது மந்தம், கேள்வி கேட்கமாட்டார். வாசலில் காலடி கேட்டால் மாமி கட்டிலில் விழுந்து முனகுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவேன். வந்தவர்கள் சும்மா போனார்களா? எதிரகத்து அரவிந்தவல்லி ஆமணக்கு இலையைச் சுடச்சுட வதக்கிக்கொண்டு வந்து, ஒரு குறையும் இல்லாத முழங்காலில் தினம் ஒத்தடம் கொடுத்தாள். மாமி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அவள் போனதும், "உன் பிள்ளை பிறக்கட்டும், அதை முதல்ல ரெண்டு சாத்தறேன்" என்றாள். கறை நாலாம் நாளே நின்றுவிட்டது. முழங்கால்தான் கொப்பளித்துவிட்டது.

எல்லாம் சரி, ஒன்றை நாங்கள் மூவருமே யோசிக்கவில்லை. மாசியில் நான் உட்காரவில்லை; "விசேஷமா?" என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன். பங்குனியில் பூச்சூட்டல் என்று அழைத்தோம். பூச்சூட்டல் ஐந்தாம் மாதம் செய்வது. தெருக் கணக்கில் எனக்கு இரண்டாம் மாதம்! நாளுக்கு நாள் கணக்குப் போட்டுக் கருவளர்ச்சிப் பாடம் எடுக்கிறவருக்கும் இது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கூடம் நிறையப் பெண்டுகள். என் வயிற்றைப் பார்த்தார்கள், விரலை மடக்கினார்கள், மறுபடி வயிற்றைப் பார்த்தார்கள். "தையில நீ உட்கார்ந்திருந்தியேடி?" என்று அரவிந்தவல்லி ஆரம்பித்தாள். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். மூன்று மாதமும் பொய் என்றேன். எல்லாருக்கும் ஒரே சமயத்தில் வாய் திறந்தது.

ஆனால் மாமி முந்திக்கொண்டாள். "அடிப்பாவி! ஒரே சுவர்! நடுவிலே ஒரே சுவர்! எனக்குக்கூடச் சொல்லாம ஏமாத்தினியா? நான் முழங்கால் ஒடிஞ்சு கிடந்தப்போகூட ஒரு வார்த்தை சொன்னியா? நீ ஒரு பொண்ணா?" நிறுத்தாமல் திட்டினாள். இன்னொருத்தி திட்ட ஒரு வார்த்தை பாக்கி வைக்கவில்லை. கடைசியில் அரவிந்தவல்லியே, "போறும் மாமி, மசக்கைக்காரி, விடுங்கோ" என்று எனக்காகப் பரிந்து பேசும்படி ஆயிற்று.

பூத்தட்டு வந்தது. மாமி பேச்சை நிறுத்திவிட்டுப் பின்னால் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள். பிள்ளை பெறாதவள் பூச்சூட்டக்கூடாது என்பது வழக்கம். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. எத்தனையோ பூச்சூட்டலில் நின்று பழகிய இடம் அது.

"மாமி, முதல் பூ நீங்கதான் வைக்கணும்" என்றேன்.

யாரோ "ஏண்டி..." என்று இழுத்தார்கள். மாமி வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினாள்.

"நீங்க வைக்காம நான் தலையைக் குனியமாட்டேன்."

வந்தாள். மல்லிகைச் சரத்தை எடுத்தாள். என் பின்னலில் வைக்கத் தெரியாமல் இரண்டு தடவை நழுவவிட்டாள். மூன்றாம் தடவை சரியாக நின்றது. நின்றதும் அவள் குரலும் திரும்பி வந்துவிட்டது. "ஒரு வார்த்தை சொல்லலையேடி, பாவி" என்று திட்டிக்கொண்டே பூவை அழுத்தி அழுத்தி வைத்தாள். என் கழுத்தில் சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்தது. அடுத்தவள் பூவோடு காத்து நின்றாள். மாமி நகரவே இல்லை.