கீழே இறங்காத கண்கள்

"இதுல விஷம் வெச்சிருக்கா. இவ மூஞ்சியப் பாருங்க!" மனநல வார்டின் சாப்பாட்டு மேசையில் இல்மரி கத்தினான். அக்கா சைமி கொண்டுவந்த சால்மன் மீன் சூப்பை அவன் தட்டிவிட, அது தரையெல்லாம் ஓடியது.

"நல்லா நடிக்கிறடா. அம்மாவத் தள்ளிக் கையை ஒடிச்ச அன்னிக்கும் இதே நடிப்புதான்," என்றாள் சைமி.

அவள் பின்லாந்தின் கெமி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவள். தம்பி காதில் குரல்கள் கேட்கத் தொடங்கி மூன்று வருடங்கள். எந்த மருந்தும் வேலை செய்யவில்லை. பேச்சு குழறியது, படிக்கட்டில் இறங்கினால் விழுந்தான். குடிகாரன் என்றது ஊர். அவளும் நம்பினாள்.

சூப்பை மிதித்துவிடாமலிருக்க இல்மரி மோவாய் நெஞ்சில் இடிக்கும்வரை தலையைக் கவிழ்த்தான். வார்டுக்குப் புதிதாக வந்த டாக்டர் ராந்தானென் அதைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"தலைய ஆட்டாம என் விரலைப் பாருங்க."

விரல் பக்கவாட்டில் போனபோது கண்களும் போயின. விரல் கீழே இறங்கியது, கண்கள் இறங்கவில்லை.

"வேணும்னே பண்றான்," என்றாள் சைமி.

"இல்லைங்க, அவரால முடியல. பொறந்தப்போ மஞ்சள் காமாலை இருந்துதா?"

"இருந்துது. ரொம்ப நாள் போகவே இல்ல. அதுக்கென்ன இப்போ?"

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டர் அவளை அழைத்தார். அரிதான பரம்பரை நோய். அப்பா ஒன்று, அம்மா ஒன்று என்று பழுதுபட்ட இரண்டு மரபணுக்கள் அவனிடம் சேர்ந்துவிட்டன. மூளையின் செல்களில் கொழுப்பு தேங்குகிறது. பேச்சுக் குழறலும், கண்கள் இறங்காததும், குரல்களும், சந்தேகமும் அதனால்தான்.

"குணமாகுமா?"

"ஆகாது. வேகத்தைக் குறைக்க மாத்திரை இருக்கு."

"மூணு வருஷமா உங்க ஆளுங்க எதைப் பாத்து கிழிச்சாங்க?"

"பாத்திருக்கணும். பாக்கல," என்றார் டாக்டர்.

அவளையும் சோதித்தார்கள். பழுதான மரபணு ஒன்றுதான் இருந்தது, நோய் வராது. அந்த நிம்மதியே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

முதல் மாத்திரையை அவளே நீட்டினாள். இல்மரி தட்டிவிட்டான்.

"இதுவும் உன் வேலைதானா?"

"நர்ஸ் குடுத்தா முழுங்குவியா?"

"யாரு குடுத்தாலும் முழுங்குவேன். உன் கையால வேணாம். வெளிய போ!"

அவள் வெளியே போனாள். கதவுக் கண்ணாடி வழியே, நர்ஸ் கொடுத்த மாத்திரையை அவன் விழுங்குவதைப் பார்த்தாள். தம்பியை மன்னித்தாளா என்றால், இல்லை. திட்டவும் முடியாமல் போனதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.