மூன்றாவது கோப்பை

“ஒரு சொல்லுச் சொல்லல்ல. திடீரெண்டு போயிற்றார்.”

கையைப் பிடித்து அழுத பதினோராவது ஆளுக்கும் செசீலியா அதையே சொன்னாள். சொல்லச் சொல்ல, நடந்ததே அதுதான் என்பது போல அந்தப் பொய் நாவில் படிந்துகொண்டு வந்தது.

அவள் புருஷன் ஜெயராஜாவின் சவப்பெட்டி, அவர்களுடைய மூலிகைத் தோட்டத்துக் கடையின் நடுவில் இருந்தது. காய்ந்த இலைப் பொதிகளையும் எண்ணெய்ப் போத்தல்களையும் ஓரமாக ஒதுக்கி இடம் எடுத்திருந்தார்கள். தோட்டம் பார்க்க வருகிறவர்கள் தேநீர் குடிக்கிற மர வாங்குகளில் சனம் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. வருகிறவர்களின் மூக்கடியில் ஒரு இலையைக் கசக்கிப் பிடித்து, “என்ன இலையெண்டு சரியாச் சொன்னா தேத்தண்ணி சும்மா” என்பார் ஜெயராஜா. பிழையாகச் சொன்னவர்களுக்கும் சும்மாதான் கொடுப்பார்.

நேற்றுக் காலை ஏழு மணிக்கு நெஞ்சைத் தடவிக்கொண்டு அப்படியொரு வாங்கில் வந்து இருந்தார். சட்டை வியர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது.

“வாய்வுதான் புள்ள. கொஞ்சம் ஓமம் காய்ச்சித் தா.”

“ராவு அவ்வளவு பிலாக்கொட்டையும் திண்டா வேற என்ன வரும்?”

சிரித்துக்கொண்டே இஞ்சியும் தட்டிப் போட்டுக் காய்ச்சினாள். ஒன்பது மணிக்கு மூன்றாவது கோப்பையைக் கொண்டு வந்தபோது, வாங்க அவர் கை நீட்டவில்லை.

இப்போது வாசல் படலையடியில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. மாதம் தவறாமல் தோட்டத்துக்கு வரும் ஏறாவூர் நிஸ்மியா இறங்கி ஓடி வந்தாள். சாவுக்குக் கட்டியிருந்த வெள்ளைக் கொடியைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். செசீலியா எழுந்து போனாள்.

“அல்லாவே! மௌத்து வீடெண்டு தெரியாதே அக்கா. ஆரு, அண்ணனா?”

“ஓம். நீ ஏங்கா ஓடி வந்த?”

“எங்கட அவருக்கு நெஞ்சுக்குள்ள வாய்வு. ஓமம் வாங்குவமெண்டு... பரவால்ல அக்கா, நாங்க வேற இடம் பாக்கம்.”

ஓட்டோவுக்குள் சாய்ந்து கிடந்த மனிதனின் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

ஜெயராஜாவின் தங்கை ஜெனிற்றா கடைக்குள்ளிருந்து ஓமப் பொதியொன்றை எடுத்து வந்து நீட்டினாள். “இந்தாங்க, கொண்டு போங்க.”

செசீலியா அதைப் பறித்தாள்.

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ புள்ள! நிக்காத, போ!”

“என்ன மச்சாள் இது? வாய்வுக்கு ஏன் அந்தப் புள்ளயப் பயப்படுத்திறீங்க?”

“உங்கட அண்ணனும் வாய்வெண்டுதான் சொன்னவர், ஜெனிற்றா. ஏழு மணிக்குச் சொன்னவர். ஒம்பது மணி மட்டும் நான் காய்ச்சிக் காய்ச்சிக் குடுத்தன்.”

வாங்குகளில் செபமாலை நின்றது.

ஓட்டோ புழுதி கிளப்பிக்கொண்டு பதுளை வீதியில் ஏறி மறைந்தது. ஜெனிற்றா அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பிப் பெட்டியடிக்குப் போனாள்.

வெயிலில் மணல் கொதித்தது. செசீலியா செருப்பில்லாத கால்களோடு படலையடியிலேயே நின்றாள். உள்ளே வரச்சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லை.