வெளியூரில் இருக்கும் மகன்

அமைச்சரின் உதவியாளர் செருப்பை வாசலில் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்ததே பெரியவருக்குப் பிடித்துப்போயிற்று. ஓய்வுபெற்ற நீதிபதியின் வீட்டுக்கு அப்படித்தான் வரவேண்டும். மகள்தான் வேண்டாவெறுப்பாக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மருந்தியல் பேராசிரியை, அரசின் போதைப்பொருள் ஆலோசனைக் குழுவுக்குத் தலைவி.

"அறிக்கை பிரமாதம் மேடம். ஒரே ஒரு வார்த்தைதான் உறுத்துது. போதைக்கு அடிமையானவங்கள 'நோயாளிகள்'னு போட்டிருக்கீங்க. அத 'குற்றவாளிகள்'னு ஆக்கி ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா சட்டம் வந்துடும். தேர்தல் நேரம் பாருங்க."

"ஜெயில்ல போட்டா பழக்கம் போகாது. வெளிய வந்ததும் பழைய அளவையே எடுத்துட்டுச் செத்துப்போறாங்க. அறிக்கை முழுக்க அதத்தான் சொல்லியிருக்கோம். அந்த வார்த்தைய மாத்திட்டா மிச்சத்துக்கு என்ன அர்த்தம்?"

"மிச்சத்த யாரு மேடம் படிக்கப் போறாங்க?"

பெரியவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். எழுதிய தீர்ப்பில் ஒரு புள்ளியைக்கூட யாருக்காகவும் மாற்றாதவர் அவர். பெண் தன் ரத்தம்தான் என்று முதுகை இன்னும் நிமிர்த்தினார். உதவியாளர் அவர் பக்கம் திரும்பினார்.

"தம்பி சௌக்கியமா சார்? வெளியூர்ல வேலைன்னாங்க. நம்ம பசங்க இங்கயே எங்கயோ, ஏதோ ஒரு நிலைமையில பார்த்ததா உளறினானுங்க. அந்தக் குடும்பத்துல அப்படியெல்லாம் நடக்காதுன்னு நான்தான் வாய அடைச்சு வச்சிருக்கேன்."

பெரியவர் நடைவழிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். உறவுக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி அவருக்கே அந்த வெளியூர் பழகிவிட்டிருந்தது. காலையில் செய்தித்தாளைப் பிரித்தால் அந்த ஊரில் மழையா வெயிலா என்றுகூடப் பார்ப்பார். பின்னறையில் மகன் இருமும்போது மட்டும் தாளைச் சத்தமாக மடிப்பார்.

"கையெழுத்து போட்டுடும்மா" என்றார்.

மகள் அவரையே பார்த்தாள். "அந்த வார்த்தை யாரச் சொல்லுதுன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களாப்பா?"

"எவனோ பேர் தெரியாத பசங்க. நமக்கென்ன?"

உதவியாளர் தாளோடு மேசையில் வைத்திருந்த பேனாவை அவள் தொடவில்லை. எழுந்து நடைவழியில் போனாள். பின்னறைக் கதவில் வெளிப்புறமாகப் போட்டிருந்த தாழ்ப்பாளை அவள் விலக்குவதை உதவியாளர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "அக்கா, வேணாம்" என்று ஒரு குரல் கேட்டது. "வாடா" என்றாள் அவள்.

அந்தப் புழுக்கத்திலும் மணிக்கட்டுவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டையில் அவன் வந்து நின்றான். உதவியாளர் மரியாதைக்குப் பாதி எழுந்தார்.

"அட, தம்பி! எப்ப வந்தீங்க?"

"இப்பதான் சார். ரொம்ப தூரம், வந்து சேரவே முடியல." அவனே சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மேசையிலிருந்த தண்ணீரை எடுத்தான். டம்ளர் பல்லில் மோதிக் கடகடத்தது. எதிரில் அந்நியன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்ற நினைப்பு வருவதற்குள் பெரியவரின் கை போய் டம்ளரின் அடியைத் தாங்கிக்கொண்டது. இரண்டு கைகளும் சேர்ந்து நடுங்கின. தண்ணீர் மேசையில் சிந்தி மெல்லப் பரவியது. உதவியாளர் கையெழுத்தில்லாத தாளை, நனையாமல், தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.