ஓங்க மறுத்த கை

ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமை லாவெல் வீட்டில் யாரும் வலது கையைப் பயன்படுத்துவதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு வலது கையைக் கம்பளித் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். பெரியவர்களுக்குக் கட்டு கிடையாது, கட்டுப்பாடுதான். பீரும் இடது கையால், வாலபி என்கிற குட்டைக் கங்காருவின் கறியும் இடது கையால். மறந்து வலது கையை நீட்டியவர் அன்றைக்கு அத்தனை பேரின் தட்டையும் கழுவ வேண்டும். பெர்னி அத்தை வருடம் தவறாமல் மாட்டிக்கொள்வாள், வருடம் தவறாமல் கழுவாமல் ஓடிவிடுவாள்.

எல்லாம் மார்ட்டின் லாவெலுக்காக. அயர்லாந்தின் மேயோவில் ஆடு திருடினான் என்று விலங்கு பூட்டிக் கப்பலேற்றி, டாஸ்மேனியாவில் கொண்டுவந்து இறக்கிய கைதி. இவர்கள் ஊரான டன்லிக்கு மேலே போகும் மலைச்சாலைக்குக் கல் உடைத்தவர்களில் ஒருவர். ஒருநாள் ஆங்கிலேய அதிகாரி அவர் கையில் சாட்டையைக் கொடுத்து, "உன் ஊர்க்காரனை அடி" என்றானாம். மாட்டேன் என்றாராம். அந்தக் கை எதற்கு என்று சொல்லி, பாறை மேல் வைத்துச் சம்மட்டியால் உடைத்தார்களாம். சாகும்வரை அவருடைய வலது கை துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்ததாம்.

இந்தக் கதையை வருடா வருடம் சொல்வது வின்ஸ் லாவெல். அவர் மகள் கெரின் அதைக் கேட்டே வளர்ந்தாள். பல்கலைக்கழக உதவித்தொகைக்கு நேர்காணல் வைத்தபோது, 'உன் குடும்பத்தைப் பற்றிச் சொல்' என்றார்கள். சொன்னாள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாள் மூக்கைச் சிந்தினாள். லாவெல் வம்சத்தில் முதல் பட்டம் அப்படி வந்தது. இப்போது தலைநகரான ஹோபார்ட்டில் ஏழைகளுக்கு வழக்காடும் அலுவலகத்தில் வேலை. வழக்கு தோற்றால் கதவை அறைந்து சாத்துகிறவள் என்று அங்கே பெயர் எடுத்திருந்தாள்.

வேலை பார்த்த மர அறுவை மில் மூடப்பட்ட பிறகு வின்ஸ் சவரம் செய்வதை விட்டார். வீட்டை விட்டு வெளியே வருவதையும் விட்டார். பிறகு ஒருநாள் ஆற்றுப்பக்கமிருந்து ஒரு கருங்கல்லை உருட்டிக்கொண்டு வந்து கொட்டகையில் போட்டார். உளி வாங்கினார். கோடை முழுக்கத் தட்டினார். கல்லில் எழுத்து தெரியத் தெரிய அவர் முகத்திலும் ஏதோ தெரிய ஆரம்பித்தது. ஒரு காலையில் சவரம் செய்துகொண்டு வந்து நின்றார். கல்லில் இப்படி இருந்தது:

மார்ட்டின் லாவெல். இவர் கை ஓங்க மறுத்தது.

அதைத் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில், மார்ட்டினைப் புதைத்ததாகச் சொல்லப்படும் மூலையில் நட வேண்டும். அங்கே பக்கத்துக் கல்லறைக்காரர்கள் சம்மதித்தால்தான் புதுக் கல் நடலாம். ஒரு பக்கம் மதில். இன்னொரு பக்கம் டூகன் வீட்டுக் கல்லறைகள். மாரீன் டூகன் முடியாது என்றுவிட்டாள். காரணம் சொல்லவில்லை.

"நீ போய்ப் பேசு. படிச்சவ," என்றார் வின்ஸ்.

"படிச்சவன்னா உட்கார வச்சு டீ போட்டுத் தருவாளா? நாயை அவுத்து விடுவா."

"அவ நாய் செத்துப்போச்சு. தைரியமா போ."

அந்த வருடத்தில் அப்பா அடித்த முதல் ஜோக் அது. கெரின் போனாள்.

மாரீன் டூகன் வீட்டுக்குப் பின்னால் ஆடு அறுத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது, ஆம்பிளைத் தோள். ஆட்டைக் கட்டவில்லை. இரண்டு முழங்காலுக்கு நடுவே இடுக்கி, காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தபடியே கத்தியை இழுத்தாள். ஆடு உதறி அடங்கும்வரை விடவில்லை.

"கயிறு போட்டா சுலபமா இருக்குமே," என்றாள் கெரின், பேச்சைத் தொடங்க.

"டூகன் வீட்டுல எதையும் கட்டி வைக்க மாட்டோம். நாயைக்கூட." மாரீன் நிமிர்ந்தாள். "வின்ஸ் மகதானே? வக்கீல் அம்மா. கல்லுக்கா வந்த?"

"ஆமா. எங்க அப்பா வேற எதுவும் கேக்கல. ஒரு கல்லு. உங்க கல்லறையை ஒண்ணும் இடிக்கல."

"அதுல என்ன எழுதியிருக்கான், படி பாப்போம்."

கெரின் சொன்னாள். மாரீன் சிரித்தாள். கத்தியை முன்துணியில் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"மறுத்துச்சாமா? நாலு வருசம் ஓங்குச்சுடி அந்தக் கை. இந்தச் சாலையில சாட்டையடிக்காரனே உன் முப்பாட்டன் மார்ட்டின்தான். அதுக்குத் தனிக் குடிசை, தினம் கறி, ரம். எங்க முப்பாட்டன் ஓவன் டூகனும் மேயோக்காரன்தான், ஒரே கப்பல்ல வந்தவன். பேச்சு மரியாதை இல்லேன்னு அம்பது அடி. மரச்சட்டத்துல கட்டி வச்சு அடிச்சது யாருன்னு நினைக்கிற?"

"அவர் கையை இங்கிலீஷ்காரங்க உடைச்சாங்க."

"இங்கிலீஷ்காரன் ஏன் உடைக்கிறான்? அவனுக்கு வேண்டிய கையாச்சே அது. உடைச்சது எங்க ஆளுங்க. நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, சம்மட்டியைத் தூக்கினது ஓவன்."

கெரின் ஓரடி முன்னால் வந்தாள். "இத்தனை வருசமா ஏன் வாயைத் திறக்கல?"

"யாருகிட்ட? நான் சின்னப்புள்ளையா இருந்தப்ப இந்த ஊருல கைதியோட வாரிசு ஒருத்தன் கிடையாது. கேட்டா, எல்லாரும் காசு கொடுத்து டிக்கெட் எடுத்து வந்தவங்கன்னுதான் சொல்வாங்க. முதுகுல வாங்கினவன் வம்சம்னு சொல்லிக்க யாருக்கு ஆசை? திடீர்னு ஒருநாள் கைதின்னா கிரீடம்னு ஆச்சு. ஆச்சா, உடனே உங்கப்பாவோட அப்பா ஒரு கதையோட வந்தாரு. நல்லா இருந்துச்சு கதை. நாங்க வாயைப் பொத்திக்கிட்டோம். அதுக்காக எங்க ஓவன் தலைமாட்டுல அதைக் கல்லுல செதுக்கி வைப்பீங்களா?"

வேலியோரம் காகம் ஒன்று குடலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"சரி, வந்ததுக்கு ஒரு வழி சொல்றேன்," என்றாள் மாரீன். "சனிக்கிழமை உங்க ஆளுங்க எல்லாம் கூடுவீங்கல்ல, இடது கை விளையாட்டு விளையாட? அவங்க முன்னாடி நடந்ததைச் சொல்லு. அந்த வரியை அழிச்சுட்டு வெறும் பேரோட கல்லைக் கொண்டு வா. செத்தவனுக்கு ஒரு பேர் இருந்துட்டுப் போகட்டும். நானே மண்வெட்டியோட வரேன். சொல்லலேன்னா கல்லு உங்க கொட்டகையிலயே கிடக்கட்டும்."

கெரின் காரில் உட்கார்ந்து கைப்பேசியை எடுத்தாள். இந்தத் தீவில் கைதிகளின் பதிவுகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகள்கூடப் பார்க்கிறார்கள். லாவெல் வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை. ஊரான் வழக்கில் ஒவ்வொரு கையெழுத்தையும் சந்தேகப்படும் கெரினும் பார்த்ததில்லை. கதை அவ்வளவு நன்றாக இருந்தது. கிறுக்கல் எழுத்தை விரலால் பெரிதாக்கி, உதட்டால் படித்தாள். மாரீன் ஒரு சொல்லைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனபோது வின்ஸ் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னா?"

"அவர்தான் சாட்டைக்காரர்னு சொன்னா. பதிவுலயும் பார்த்துட்டேன்."

துடைத்த கை நிற்கவில்லை. அதுதான் கெரினுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

"உனக்குத் தெரியும்!"

"மெல்லப் பேசு."

"உனக்குத் தெரியுமாப்பா?"

வின்ஸ் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்தார். "எங்க தாத்தா காலத்துல கதையே கிடையாது. அந்த ஒருநாள் இடது கையால குடிப்பாங்க, எந்திரிச்சுப் போயிடுவாங்க. ஏன்னு கேட்டா அறை விழும். எங்கப்பாதான் கதை கட்டினாரு. எனக்கு மீசை முளைச்சப்புறம் ஒருதரம் குடிச்சுட்டு உண்மையைச் சொல்லி அழுதாரு. மறுநாள் ரெண்டு பேரும் மறந்துட்டோம்."

"நான் அதை வச்சுப் படிப்புக்குக் காசு வாங்கியிருக்கேன். கேட்டவங்க அழுதாங்கப்பா!"

"வாங்கினியா, படிச்சியா, வேலைக்குப் போனியா. பொய் உன்னை ஒண்ணும் பண்ணலியே." அவர் குரல் உயர்ந்தது. "அந்தக் கதைக்கு முன்னாடி நாங்க யாருடி? மில்லுக்கு நேர்ந்துவிட்ட மாடு. இந்தக் குடும்பத்துல ஒருத்தனாவது ஒருநாளாவது முடியாதுன்னு சொன்னான்னு ஒரு நினைப்பு. அது போச்சுன்னா எனக்கு என்ன இருக்கு? மூடின மில்லும் இந்தக் கொட்டகையும்."

கெரினுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பாவம் அவள் கோபத்தை இன்னும் கிளப்பியது. "டூகன் வீட்டாளு முதுகுத் தோலை வச்சு நம்ம மானத்தைத் தைச்சுக்கிட்டோம்பா," என்றாள். "அவ கேக்கறது ஒண்ணுதான். சனிக்கிழமை சொல்லிடு. கல்லு நிக்கும்."

"முடியாது."

"நான் சொல்வேன்."

"மாட்ட," என்றார் வின்ஸ். "நீ என் மக."

சனிக்கிழமை லாவெல்கள் எல்லோரும் வந்தார்கள். ஜூன் அங்கே குளிர்காலம், கொட்டகையில் விறகு எரிந்தது. கல் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. பெர்னி அத்தை தன் பேத்தி ட்ரூடிக்குக் கையைக் கட்டிவிட்டுக்கொண்டே, "ஏய் கெரின், இந்த வருசமாவது ஒருத்தனைக் கூட்டிட்டு வருவேன்னு பார்த்தேன். ஹோபார்ட்டுல எல்லாவனும் குருடனா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இடது கைகளில் பீர் தளும்பியது.

வின்ஸ் எழுந்தார். புதுச் சட்டை. தார்ப்பாயை விலக்கினார். யாரோ சீட்டி அடித்தார்கள். அவர் தொடங்கினார்: மேயோ, ஆடு, கப்பல், சாலை. குரல் ஏறிக்கொண்டே போனது. "சாட்டையைக் கையில கொடுத்து, உன் ஊர்க்காரனை அடின்னான். மார்ட்டின் அவனை நிமிர்ந்து பார்த்து..."

"அடிச்சார்," என்றாள் கெரின்.

யாருக்கும் புரியவில்லை. அவள் எழுந்து நின்றாள்.

"மறுக்கல. அடிச்சார். நாலு வருசம் அதுதான் அவருக்கு வேலை. ஓவன் டூகனைக் கட்டி வச்சு அடிச்சார். கையை உடைச்சது இங்கிலீஷ்காரன் இல்ல, அடி வாங்கினவங்க. நான் பதிவைப் பார்த்துட்டேன். அப்பாவுக்கும் தெரி..."

அறை விழுந்தது.

வின்ஸ் வாழ்நாளில் மகளை அடித்ததில்லை. அவருக்கே அது தெரியாமல் நடந்தது போலிருந்தது. கெரினின் உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது.

"வின்ஸ் தாத்தா வலது கை!" என்று கத்தினாள் ட்ரூடி, கட்டிய கையோடு குதித்தபடி. "வின்ஸ் தாத்தா வலது கை! தாத்தாதான் தட்டு கழுவணும்!"

பெர்னி அத்தை அவள் வாயைப் பொத்தினாள். யாரும் சிரிக்கவில்லை. வின்ஸ் தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு தட்டுகளைச் சேகரிக்க ஆரம்பித்தார். பாதி தின்ற தட்டுகளையும் சேர்த்து. கொட்டகைத் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு, எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கழுவினார். பின்னால் நாற்காலிகள் நகர்ந்தன. பிள்ளைகளின் கட்டுகள் அவிழ்ந்தன. கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. "நீ வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்டி," என்று பெர்னி அத்தை கெரினின் காதில் சொல்லிவிட்டுப் போனாள். வின்ஸ் கடைசித் தட்டைக் கழுவி முடிக்கும்வரை திரும்பவில்லை.

மறுநாள் காலையில் மாரீன் டூகன் வந்தாள். வண்டியின் பின்னால் மண்வெட்டி கிடந்தது. கெரினின் உதட்டைப் பார்த்தாள்.

"சொல்லிட்ட போல."

கொட்டகைக்குள் கல்லை இழைக்கும் எந்திரம் அலறிக்கொண்டிருந்தது. இருவரும் போய் நின்றார்கள். கல்தூசியில் வின்ஸ் வெள்ளையாக இருந்தார். அந்த வரி போயிருந்தது. அதோடு பெயரும் போயிருந்தது. கோடை முழுக்கச் செதுக்கியது ஒரு காலையில் வழுவழுவென்று ஆகியிருந்தது.

"வரியை மட்டும்தானே அழிக்கச் சொன்னேன்," என்றாள் மாரீன்.

"வரி இல்லாம அந்தப் பேரை வச்சு நான் என்ன பண்றது?" என்றார் வின்ஸ், எந்திரத்தை நிறுத்தாமல்.

மாரீன் மண்வெட்டியோடு திரும்பிப் போனாள். அந்தக் கல் எங்கேயும் நடப்படவில்லை. குளிர்காலம் முழுக்க வின்ஸ் அதன் மேல் வைத்து விறகு பிளந்தார். சவரம் செய்வது மறுபடி நின்றது.

அடுத்த ஜூனில் யாரும் வரவில்லை. பெர்னி அத்தை முதுகுவலி என்றாள், மற்றவர்கள் அதுகூடச் சொல்லவில்லை. கெரின் மட்டும் ஹோபார்ட்டிலிருந்து வந்தாள். கொட்டகையில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவர் இரண்டு பாட்டிலைத் திறந்து ஒன்றை அவள் பக்கம் தள்ளினார். இருவரும் இடது கையால் எடுத்தார்கள். யாரும் கதை சொல்லவில்லை. குடித்து முடித்ததும் வின்ஸ் எழுந்து போனார்.