பதினேழாவது படம்

எங்கள் மனோதத்துவத் துறைக்கு அப்போது ஒன்றரை வயது. சர்வகலாசாலையில் மற்ற துறைகளுக்கெல்லாம் தூண் வைத்த கட்டடம் இருந்தது. எங்களுக்குக் கிடைத்தவை, பூகோளத் துறைக்காரர்கள் கிழிந்த தேசப்படங்களைப் போட்டு வைத்திருந்த இரண்டு அறைகள். ஒரு மேஜை, ஒரு கரும்பலகை, சீமையிலிருந்து வந்த மூன்று பெட்டி சாமான், இரண்டு ஸ்டாப்வாட்ச். அதில் ஒன்று ஓடாது. யுத்த காலம், பாகம் வராது என்று கடைக்காரன் கையை விரித்துவிட்டான்.

மாணவர்கள் ஐந்து பேர். நான்கு ஆண்கள், ஐந்தாவது நான். பெயர் வரலட்சுமி, ஊர் காட்டுப்பாக்கம், வயது இருபத்தாறு. பத்தொன்பதில் கல்யாணம், அதே வருஷம் அவர் டைபாய்டில் போய்விட்டார். அதன் பிறகு சண்டை போட்டுப் படித்தேன். யார் யாரோடு சண்டை என்று சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கதை முடியாது.

வகுப்பு வேடிக்கையாக இருக்கும். முதல் நாள் பேராசிரியர் உலகநாதன் எங்களைக் கண்ணை மூடி ஐந்து நிமிஷம் உட்காரச் சொன்னார். பிறகு மனசில் ஓடியதை ஒளிக்காமல் எழுதச் சொன்னார். ஆண்கள் நான்கு பேரும் ஆத்மா, பிரபஞ்சம் என்று ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதினார்கள். நான் 'பசி' என்று எழுதினேன். பேராசிரியர் என் தாளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்தார். இன்னொரு நாள், ஞாபகசக்தியை அளக்க அர்த்தமே இல்லாத ஓசைகள் நூறு வேண்டும் என்றார். தமிழில் தேடித் தேடி அலுத்துப்போனோம். நாங்கள் எதைச் சொன்னாலும் அட்டெண்டர் துலுக்கானம் வாசலில் நின்றபடி, "அது எங்க பக்கம் ஒரு மீன் பேரு சார்," என்பான். கடைசியில் எழுபதோடு நிறுத்திக்கொண்டோம்.

அந்த வருஷக் கடைசியில் ஒரு தர்ம ஸ்தாபனம் எங்களைத் தேடி வந்தது. பூந்தமல்லிப் பக்கம் ஐந்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகளில் புத்திசாலிகளுக்குப் பட்டணத்தில் ஹைஸ்கூல், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம் என்றார்கள். ஆனால் பள்ளிக்கூட மார்க்கை அவர்கள் நம்பத் தயாராக இல்லை. வாத்தியார்கள் வேண்டியவர்களுக்குப் போட்டுவிடுகிறார்களாம். அதனால் எங்கள் துறை நடத்தும் பரீட்சையில் முக்கால் பங்கு, அதாவது நாற்பதுக்கு முப்பது வாங்குகிற பிள்ளைக்கு இடம் என்று முடிவாயிற்று.

பரீட்சையும் சீமைச் சரக்குதான். நாற்பது படங்கள். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று குறைந்திருக்கும். அது என்ன என்று பிள்ளை இருபது விநாடிக்குள் சொல்ல வேண்டும். மூன்று கால் பசு, சக்கரமில்லாத வண்டி என்று பெரும்பாலான படங்களை நம் ஊருக்குத் தகுந்தபடி மாற்றி வரைந்துவிட்டோம். பதினேழாவது படம்தான் வம்பு செய்தது. அது ஒரு வீடு. கூரைமேல் புகைபோக்கி இல்லை. பூந்தமல்லியில் எந்த வீட்டின்மேல் புகைபோக்கி இருக்கிறது? எல்லோரும் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தபோது நான்தான் சொன்னேன். ஒரு பெண்ணின் முகம் வரையலாம், தலையில் பூ, காதில் கம்மல், மூக்கில் மூக்குத்தி எல்லாம் இருக்கட்டும், நெற்றியில் பொட்டு மட்டும் வேண்டாம் என்றேன்.

"இதுதாம்மா நம்ம ஊர்ப் பரீட்சை," என்றார் பேராசிரியர். அப்படிப் பாராட்டுகிறவரே இல்லை அவர்.

படத்தை நானே வரைந்தேன். பெருமையாகத்தான் இருந்தது. பொட்டில்லாத நான் அதை வரைகிறேன் என்பது எனக்கு ஒரு விசித்திரமாகவே படவில்லை. ஏழு வருஷமாக என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் என் முகத்தில் இல்லாததைத்தான் முதலில் பார்த்தார்கள். கண்ணாடியில் நானும் அதைத்தான் பார்த்தேன்.

பூந்தமல்லி எங்கள் ஊருக்குப் பக்கம் என்பதால் என்னை அனுப்பினார்கள். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியை எரித்து ஓட்டிய பஸ் பாதி வழியில் இருமி நின்றுவிட்டது. ஓடுகிற ஸ்டாப்வாட்சைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு, படங்களைக் கட்டாகக் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். பள்ளியில் முப்பத்து நான்கு பிள்ளைகள், ஒவ்வொருவராக, இரண்டு நாள் வேலை. பரீட்சை நடத்த விதிகள் உண்டு. எல்லோரிடமும் ஒரே வார்த்தைகளில் கேட்க வேண்டும். சிரிக்கக் கூடாது, சபாஷ் சொல்லக் கூடாது. பிள்ளை சொல்கிற பதிலை ஓர் எழுத்து விடாமல் அப்படியே எழுத வேண்டும், ஆன விநாடியையும் குறிக்க வேண்டும். பிறகு விடைக்குறிப்பைப் பார்த்து ஒன்றோ பூஜ்யமோ போட வேண்டும்.

இரண்டாம் நாள் நஜ்மா வந்தாள். பதினோரு வயதிருக்கும். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, துவைத்துத் துவைத்து வெளுத்த பாவாடை. உட்கார்ந்ததும் ஸ்டாப்வாட்சைக் காட்டி, "இது ஓடுதா, நிக்குதா?" என்று கேட்டாள். பிறகு படங்களைப் பார்க்க ஆரம்பித்தாள். பசுவுக்குக் கால், குடைக்குக் கம்பி, கிணற்றுக்குக் கயிறு என்று நான் முள்ளைத் தட்டிவிடுவதற்குள் பதில் வந்துகொண்டிருந்தது.

பதினேழாவது படத்தில் நின்றாள். படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணும் கொறயல டீச்சரம்மா."

ஒரு தடவை திருப்பிக் கேட்க விதியில் இடமுண்டு. கேட்டேன்.

"கண்ணு கீது, மூக்கு கீது, கம்மல் கீது. எல்லாம் சரியாத்தான் கீது. எங்கம்மா மூஞ்சி மாதிரி. உங்க மூஞ்சி மாதிரி."

எழுதிக்கொண்டேன். பூஜ்யம் போட்டேன். அடுத்த படத்தை எடுத்தேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

சாயங்காலம் நான் கிளம்பும்போது பள்ளி வாசலில் அவளுடைய அப்பா நின்றிருந்தார். ஹாஜா மொய்தீன் என்று பெயர், கடைத்தெருவில் தையல்காரர். கழுத்தில் அளவு நாடாவோடு, தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"டீச்சரம்மா, எங்க பொண்ணு தேறிடுமா?"

"இப்ப சொல்லக் கூடாதுங்க. வெள்ளிக்கிழமை கடுதாசி வரும்."

"தேறிச்சின்னா பட்டணம் அனுப்பிடுவேன். எங்க ஆளுங்க இன்னா பேசினாலும் பேசிக்கினு போவட்டும். தேறலன்னா என் கையில இன்னா கீது? இந்தப் பள்ளிக்கொடம் அஞ்சாவதோட சரி. ஊட்ல குந்திக்கினு சட்டைக்குக் காஜா எடுக்க வேண்டிதுதான்."

நஜ்மா அவர் பக்கத்தில் நின்று என் கையிலிருந்த விடைத்தாள் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மார்க் அதற்குள்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் புதன்கிழமை. துறையில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். நஜ்மாவுக்கு இருபத்தொன்பது. மறுபடி கூட்டினேன், அதே இருபத்தொன்பது. எனக்கு எரிச்சல் வந்தது. அவ்வளவு சூட்டிகையான பெண் எங்கே விட்டாள் என்று ஒவ்வொரு பதிலாகப் படித்துக்கொண்டு போனேன். தந்திக் கம்பத்தில் விட்டிருந்தாள், கடிகாரத்தில் விட்டிருந்தாள், அதெல்லாம் நியாயம். பதினேழுக்கு வந்தேன். 'எங்கம்மா மூஞ்சி மாதிரி. உங்க மூஞ்சி மாதிரி.' என் கையெழுத்துதான். முந்தின நாள் கைதான் எழுதியிருக்கிறது. கண் இன்றைக்குத்தான் படிக்கிறது. காது இரண்டும் சூடாகிப்போயின. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

பிறகு எல்லாத் தாளையும் எடுத்துப் பதினேழாவதை மட்டும் பார்த்தேன். முஸ்லிம் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். பதினோரு பேர் ஒன்றும் குறையவில்லை என்று சொல்லிப் பூஜ்யம் வாங்கியிருந்தார்கள். சரியாகச் சொன்ன ஒருவன் நஜீர். அவன் அப்பா திருவிழாக்களில் வளையலும் குங்குமச்சிமிழும் விற்கிறவர். மற்ற இருபத்திரண்டு பேரில் ஒரே ஒருத்திக்கு அதே பதிலுக்குப் பூஜ்யம். தாயம்மா என்ற அந்தப் பெண்ணின் அம்மாவும் என்னைப் போலத்தான் என்று பள்ளியிலேயே வாத்தியார் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமைதோறும் துறையில் கூட்டம் நடக்கும். பேராசிரியரும் நாங்கள் ஐந்து பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து விவாதிப்போம். பேச்செல்லாம் இங்கிலீஷில்தான், இங்கே தமிழில் சொல்கிறேன். அன்று சாயங்காலம் பட்டியல் ஸ்தாபனத்துக்குப் போயாக வேண்டும். நான் பன்னிரண்டு பூஜ்யங்களையும் கரும்பலகையில் எழுதி, இந்தப் படம் புத்தியை அளக்கவில்லை, பிள்ளை எந்த வீட்டில் பிறந்தது என்பதைத்தான் அளக்கிறது என்றேன். இதை எடுத்துவிட வேண்டும் என்றேன்.

பேராசிரியர் பலகையிலிருந்த பூஜ்யங்களை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினார். பிடிவாதக்காரர், ஆனால் கண்ணுக்குத் தெரிவதை இல்லையென்று சொல்லமாட்டார். "சரி, எடுத்துவிடலாம். எல்லோருக்கும் முப்பத்தொன்பதுக்குக் கணக்குப் பாருங்கள்," என்றார்.

எங்கள் வகுப்பில் வாதாடுவதற்கென்றே பிறந்தவன் சம்பத். அதற்குள் அவன் காகிதத்தில் போட்டுவிட்டான். "முப்பத்தொன்பதில் முக்கால் பங்கு இருபத்தொன்பதே கால் சார். அந்தப் பெண் இருபத்தொன்பது. கால் மார்க் போதாது. அதுமட்டுமில்லை, சரியாக முப்பது வாங்கிய இரண்டு பேருக்கு இந்த ஒன்று போய், அவர்களும் விழுந்துவிடுவார்கள்."

அவன் சொன்னது சரிதான். சரியாக இருந்ததுதான் எனக்கு ஆத்திரம்.

"அப்படியானால் எடுக்க வேண்டாம் சார்," என்றேன். "பொட்டு என்று சொன்னதும் சரி, ஒன்றும் குறையவில்லை என்று சொன்னதும் சரி. இரண்டுக்கும் ஒன்று போட வேண்டும்."

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "விடைக்குறிப்பைப் பரீட்சைக்குப் பிறகு மாற்றினால் அதற்குப் பேர் பரீட்சை இல்லை அம்மா, சிபாரிசு. வாத்தியார்கள் அதைச் செய்கிறார்கள் என்றுதானே நம்மிடம் வந்தார்கள்?"

"சிபாரிசு கேட்கவில்லை சார். அவள் சொன்னது சரியான பதில் என்கிறேன்."

"குறை இருக்கிறது என்று வரைந்ததே நீங்கள்தானே?"

"நான்தான். தப்பாக வரைந்துவிட்டேன்."

"தப்பு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? இங்கே அபிப்பிராயம் செல்லாது. நிரூபணம் வேண்டும்."

எனக்குக் கோபம் வந்தால் குரல் தணிந்துவிடும். எழுந்துபோய் மேஜையின் தலைமாட்டில், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற இடத்தில் நின்றேன். ஸ்டாப்வாட்சை எடுத்தேன். பூந்தமல்லியில் முப்பத்து நான்கு பேரிடம் கேட்ட அதே வார்த்தைகளில், அதே குரலில் கேட்டேன்.

"இதை நன்றாகப் பாருங்கள். இதில் குறைவது என்ன? இருபது விநாடி."

முள்ளைத் தட்டிவிட்டேன்.

சம்பத் மேஜையைப் பார்த்தான். மற்ற மூவரும் அவனைப் பார்த்தார்கள். வாசலில் துலுக்கானத்தின் பெருக்குமாறு நின்றுவிட்டது. பேராசிரியர் மட்டும் நிமிர்ந்தார். கண்ணியமான மனிதர் அவர். ஆனால் இந்த ஒன்றரை வருஷத்தில் ஒரு நாளும் என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியதில்லை. என் தோளுக்குப் பின்னால் இன்னொரு மாணவி நிற்பதுபோல அவளிடம்தான் பேசுவார். மரியாதை என்று அவர் நினைத்திருக்கலாம். இப்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வேறு ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. சொன்னால் நஜ்மாவும் போவாள், நானும் நாளையிலிருந்து இந்த அறைக்குள் வரமுடியாது.

"எதுவும் குறையவில்லை," என்றார்.

முள்ளை நிறுத்தினேன்.

"எத்தனை விநாடி?"

"பதினான்கு."

"அந்தக் குழந்தைக்கு?"

தாளைப் பார்த்தேன். "ஒன்பது சார்."

"எல்லாத் தாளையும் திருத்துங்கள். விடைக்குறிப்பில் இரண்டாவது விடையாக அதை எழுதி, காரணத்தையும் எழுதி, ஸ்தாபனத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். கையெழுத்து நான் போடுகிறேன்," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "மன்னிக்க வேண்டும் அம்மா," என்றார். படத்துக்காகவா, மற்றதற்காகவா என்று நான் கேட்கவில்லை.

மற்றவர்கள் காபிக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் உட்கார்ந்து பன்னிரண்டு தாளையும் திருத்தினேன். நஜ்மாவின் தாளைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அது வந்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரும் இல்லை, அழுதேன். ஏழு வருஷத்தில் என் முகத்தைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று முதலில் சொன்னவள் அந்தப் பெண். யாராவது ஒருவர் சொல்லமாட்டார்களா என்று நான் ஏங்காத நாளில்லை. அவள் சொன்னாள். நான் அதை ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டு, பக்கத்தில் பூஜ்யம் போட்டேன்.

அதை அடித்துவிட்டு ஒன்று போட்டேன். மொத்தம் முப்பது.