மடித்துச் சுற்றிய கம்பி

ஜெபசீலன் இரண்டு நாள் உட்கார்ந்து சுற்றிய மின்தடைக் கம்பிச் சுருளைக் கிருபானந்தம் வாத்தியார் பரபரவென்று அவிழ்த்துக்கொண்டிருந்தார். குரங்கு கையில் பூமாலை என்பார்களே, அதேதான். வேலூரில் அந்தப் பள்ளிக்கூடத்து விஞ்ஞான அறையில் மூன்று வருஷமாகத் தற்காலிக உதவியாளாகக் காலம் தள்ளுகிறவன் ஜெபசீலன். இன்று மதியம் தாளாளர் அப்துல் ஹமீத் சாயபு ஆம்பூரிலிருந்து வருகிறார். இந்தச் சுருளைப் பார்த்துத்தான் அவனை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று தீர்மானிப்பார்.

"மடிச்சுதான் சுத்தணும் சார்," என்றான். "நடுவுல மடிச்சு ரெண்டு இழையா சுத்துனா, ஒண்ணுல போற கரண்டு இன்னொண்ணுல திரும்பி வருது. இதோட காந்தத்த அது அழிச்சிடும். ஒரே பக்கமா சுத்துனா சுருளே காந்தமாயிடும். முன்னயும் பின்னயும் மாறி ஓடுற கரண்ட வுட்டா மறிக்கும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியும்டா. முண்டு முண்டா இன்னா இது? சாயபு கட்டைவிரல்ல தடவிப் பாப்பாரு. வழுவழுன்னு இருக்கணும்."

தெரியாமல் செய்திருந்தால் மன்னித்துவிடலாம். தெரிந்தே செய்கிறார் மனுஷன். வெற்றிலை எச்சிலை விரலில் தொட்டுத் தொட்டு, பட்டு சுற்றிய கம்பியை ஒரே திசையில் வரிவரியாய்ச் சுற்றினார். பட்டில் சிவப்புக் கறை ஏறியது. ஜெபசீலன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சுற்றி முடித்ததும் அவன் அதைச் சோதனைப் பலகையில் பூட்டி, டெலிபோனில் இருப்பதுபோன்ற கேட்கும் குழாயைக் காதில் வைத்தான். பலகையின் இரண்டு பக்கமும் சமமானால் குழாயில் கேட்கும் இரைச்சல் அடங்க வேண்டும். பலகைக் குமிழை எவ்வளவு திருகியும் அது அடங்கவில்லை, ஈ மாதிரி காதைக் குடைந்தது.

சாயபு வந்தார். கிருபானந்தம் சொன்னபடியே கட்டைவிரலால் சுருளைத் தடவினார். முகம் மலர்ந்தது. பிறகு ஜெபசீலனைப் பார்த்தார்.

"இதுல குறை ஏதாச்சும் இருக்கா தம்பி?"

அவருடைய தோல் பதனிடும் ஷாப்பில் அப்படிக் கேட்பது வழக்கம். தோலில் கத்தி பட்டிருந்தால் வேலை செய்தவனே சொல்லிவிட வேண்டும். சொன்னவனை அவர் ஒருநாளும் கடிந்ததில்லை. ஆம்பூர் முழுக்க அறிந்த விஷயம், ஜெபசீலனும் அறிவான்.

குழாய் அவன் கையில்தான் இருந்தது. நீட்டினால் போதும்.

"இல்ல சாயபு," என்றான்.

"அடுத்த மாசத்துலேர்ந்து நீ நிரந்தரம்."

அவர் போனதும் கிருபானந்தம் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, எச்சில் காயாத கையால் அவன் தோளைத் தட்டினார். அருவருப்பில் உடம்பு கூசியது. ஆனால் அந்தக் கையைத் தட்டிவிட ஜெபசீலனுக்கு இனி யோக்கியதை இல்லை.