மிஸ் வரும் வரைக்கும்

என் வகுப்பில் குண்டூசி விழுந்தால் சத்தம் கேட்கும். இருபத்திரண்டு வருடமாக இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். கணக்கு டீச்சர், முன்கோபி, வாயும் கொஞ்சம் நீளம். மற்ற வகுப்புகளில் டீச்சர் இல்லாத ஐந்து நிமிடத்தில் கூரை பறக்கும். என் பிள்ளைகளை விட்டுவிட்டு நான் நிதானமாக டீ குடித்துவிட்டு வரலாம். புதிதாகச் சேரும் டீச்சர்களை என் வகுப்பு வாசலில் நிறுத்தி, "பாத்துக் கத்துக்கோங்க" என்பார் தலைமையாசிரியை. எனக்குத் தலைகால் புரியாது.

அன்று காலையிலிருந்தே மழை. மதியம் ஏரிக்கரை உடைந்துவிட்டது என்று போன் வந்தது. பள்ளி வேன் நடை நடையாகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது. கடைசியில் மாடியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் நானும்தான் மிச்சம். டிரைவர் நனைந்த கோழி மாதிரி மேலே ஓடிவந்தார்.

"மிஸ், வேன் கேட்டுகிட்ட நின்னு போச்சு. உள்ள எல்கேஜி பசங்க. தண்ணி சீட்டுக்கு வருது, நான் ஒருத்தன் என்ன பண்றது?"

நான் பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். "பத்து நிமிஷத்துல வந்துடுவேன். நான் வர்ற வரைக்கும் ஒருத்தர் வாயில இருந்தும் சத்தம் வரக் கூடாது. யாரும் ரூமை விட்டு வெளிய போகக் கூடாது. லீடர், பேசுறவங்க பேரை எழுதி வை. வந்து கவனிச்சுக்கிறேன்."

லீடர் எழுந்து சாக்பீஸை எடுத்தாள். எண்ணெய் வைத்து வாரிய இரட்டைச் சடை, கலையாத சட்டை, நான் சொன்னதைச் சொன்னபடி செய்யும் பெண். கரும்பலகையில் முதல் பெயர் எப்போதும்போல ரேடியோவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். அவன் பைக் மெக்கானிக்கின் மகன். காலையில் கேட்டுக்குள் நுழையும்போது பேச ஆரம்பித்தால் சாயங்காலம்தான் நிறுத்துவான். அதனால்தான் அந்தப் பெயர்.

குட்டிகளை நான் வேனுக்குள் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தபோது, எஞ்சின் திடீரென்று உயிர் பிடித்தது. இப்போது நிறுத்தினால் அவ்வளவுதான் என்று டிரைவர் ஒரே மிதியாக மிதித்து மேட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். திரும்பிப் பார்த்தால் தெருவே இல்லை, ஆறு ஓடுகிறது. என் போனும் தண்ணீரோடு போயிற்று. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மீட்புப் படகுக்காரர்களிடம் கத்தினேன், கெஞ்சினேன், ஒருவர் சட்டையைக்கூடப் பிடித்தேன். அவர்களும் சும்மா இருக்கவில்லை. மறுநாள் காலையில் போய்ப் பள்ளியை மூன்று சுற்றுச் சுற்றி, மைக்கில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

"யாரும் இல்லைங்க. சின்ன முனகல்கூட இல்ல. பன்னெண்டு பசங்க இருந்தா சும்மாவா இருப்பாங்க? வேற படகுல ஏத்திட்டுப் போயிருப்பாங்க."

நியாயமான பேச்சுதானே. நானும் நம்பினேன். இரண்டு நாள் முகாம் முகாமாகப் போய், சாப்பாட்டு வரிசையில் நிற்கும் ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் திருப்பிப் பார்த்தேன். மூன்றாம் நாள் மதியம், ஒரு முகாமுக்குப் பக்கத்து மாவு மில்லின் வாசலில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று உறைத்தது. அமைதியாக இருக்கிறது என்றால் உள்ளே யாரும் இல்லை என்று ஏன் அர்த்தம்? அது என் வகுப்பு. எழுந்து படகுக்காரர்களிடம் ஓடினேன்.

படகுக்காரர் முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார். மாடிப்படியில் ஏறும்போதே நாற்றம் குடலைப் பிடுங்கியது. கதவைத் தள்ளினேன். பதினொரு பேரும் அவரவர் இடத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒன்றாக எழுந்தார்கள்.

"குட் ஆஃப்டர்நூன், மிஸ்."

படகுக்காரர் இரண்டு படி பின்னால் போனார்.

பன்னிரண்டாவது ஆள் ஜன்னலில் இருந்தான். பள்ளி டைகளையும் பெல்ட்டுகளையும் முடிச்சுப் போட்டு ரேடியோவைக் கம்பியோடு கட்டியிருந்தார்கள். வாயில் கரும்பலகை துடைக்கும் துணி. கை கால் முழுக்க ஸ்கேல் தடம். என் மேஜைமேல் டிபன் பாக்ஸ்கள் அடுக்காக இருந்தன, பக்கத்தில் மழைத்தண்ணீர் பிடித்த பக்கெட். பொடிசு என்று நாங்கள் கூப்பிடும் சின்னப் பெண்ணின் கையில் யாரோ கடித்த பல் தடம். ஒன்றுக்கும் ரெண்டுக்கும் கடைசி பெஞ்சுக்குப் பின்னால்தான் எல்லாரும் ஒதுங்கியிருந்தார்கள், ரூமை விட்டு வெளியே போகக் கூடாதே. கரும்பலகையில் பெயர்கள், பெயர்களுக்கு நேரே கோடுகள். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

துணியை உருவிவிட்டு முடிச்சுகளை அவிழ்த்தேன். ரேடியோ மூச்சு விட்டான், கண் திறந்திருந்தது, ஆனால் ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த சில நாளில் லீடர் எல்லாவற்றையும் சொன்னாள். மறைக்கவே இல்லை. வீட்டுப்பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தாள்.

"பேசினவங்களுக்கு முதல்ல சாப்பாடு கட் பண்ணோம் மிஸ். அழுதா அதுவும் சத்தம்தானே, அதனால அழுதவங்களுக்கும் கட். அப்புறமும் பேசினா ஆளுக்கு ஒரு அடி."

"எல்லாரும் அடிச்சாங்களா?"

"ஆமா மிஸ். முதல்ல அழுதுகிட்டே அடிச்சாங்க. அப்புறம் யார் முன்னாடி நிக்கிறதுன்னு சண்டை. எனக்கு வரிசை பாக்குறதே பெரிய வேலையாயிடுச்சு."

"படகு வந்து கூப்பிட்டாங்களேடி. கேக்கலையா?"

"கேட்டுச்சு மிஸ். ரேடியோதான் ஜன்னலுக்கு ஓடிப்போய்க் கத்தப் பாத்தான். அஞ்சு பேர் அமுக்கிப் புடிச்சோம்."

"ஏன்?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீங்க வர்ற வரைக்கும்னு சொன்னீங்க. அது நீங்க இல்லையே, மிஸ்."

யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம். இவர்கள் மிருகமாகிப் போனார்களா, இல்லை என் நல்ல மாணவர்களாகவே இருந்துவிட்டார்களா? திட்டலாம் என்றால் எந்த இடத்தில் திட்டுவது? என் பேச்சை மீறிய இடம் ஒன்றுகூட அகப்படவில்லை. பேச்சை மீறிய ஒரே ஆள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

அவனைப் பார்க்க நான் போகவில்லை. தைரியம் வரவில்லை, அதுதான் உண்மை. சளி, காய்ச்சல் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். ஒன்பதாம் நாள் மெக்கானிக்கே என் வீட்டுக்கு வந்துவிட்டார். விரல் இடுக்கில் கிரீஸ், கண் உள்ளே போயிருந்தது.

"டாக்டருங்க தொண்டை நல்லாயிருக்கு, நாக்கு நல்லாயிருக்குங்கிறாங்க மிஸ். ஆனா பையன் வாயே திறக்க மாட்டேங்கிறான். அம்மான்னுகூட சொல்லல. வீட்ல இவன் தொணதொணப்பு தாங்காம நானே எத்தனை தடவை திட்டியிருக்கேன். இப்ப வீடே பிணம் கிடக்கிற மாதிரி இருக்கு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா பேசுவானோ என்னவோ. உங்க மேல அவனுக்கு அவ்வளவு பயம்."

பயம் என்பதை மரியாதை என்கிற அர்த்தத்தில்தான் சொன்னார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் கட்டிலை விட்டு இறங்கி நின்றான். முழங்காலில் கட்டு. நான் அவனை உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்ல நினைத்து வந்தது எவ்வளவோ. கடைசியில் வாயில் வந்தது இவ்வளவுதான்.

"நான் வந்துட்டேன்டா. இனிமே பேசலாம்."

"தாங்க்ஸ் மிஸ்" என்றான் ரேடியோ.

குரல் கணீரென்று இருந்தது. அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. நர்ஸ் அக்கா ஊசி போடும்போது வேறு பக்கம் பார்க்கச் சொல்கிறார், எதிர்க் கட்டில் தாத்தா குறட்டை விடுகிறார், இங்கே லிஃப்டில் கண்ணாடி இருக்கிறது, பொடிசு கை ஆறிவிட்டதா. ஒன்பது நாள் பேச்சையும் ஒரே மூச்சில் கொட்டினான். நான் முதல் நாளே வந்திருந்தால் முதல் நாளே பேசியிருப்பான். ஒன்பது நாளும் இவன் எனக்காகக் காத்திருந்திருக்கிறான்.

மெக்கானிக் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். பெரிய மனுஷன், குலுங்கிக் குலுங்கி அழுதார். "நீங்க தெய்வம் மிஸ்."

"அப்படிச் சொல்லாதீங்க" என்றேன். இதற்குமேல் மறைத்தால் நான் மனுஷியே இல்லை. "அவனைப் பேசக் கூடாதுன்னு சொன்னதே நான்தான். நான்தான் மத்த பசங்களைக் காவல் வெச்சேன். அவன் படகைக் கூப்பிடப் பாத்திருக்கான், என் பேச்சைக் கேட்டுத்தான் அவன் வாயை அடைச்சிருக்காங்க. புரியுதா உங்களுக்கு?"

அவருக்குப் புரியவில்லை. அழுதுகொண்டே சிரித்தார். "அட, நீங்க வேற. இந்தக் காலத்துல உங்கள மாதிரி கண்டிப்பான டீச்சர் எங்க கிடைக்கிறாங்க? கண்டிப்பு இருந்தாத்தான் மிஸ் இதுங்க உருப்படும்."

கட்டிலில் ரேடியோ இன்னும் லிஃப்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். மெக்கானிக் ஆசையாக அவன் தலையைத் தடவினார்.

"டேய், போதும்டா. மிஸ் பேசிட்டு இருக்காங்கல்ல, சத்தம் போடாம இரு."

பையன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

"இல்லைங்க, அவன் பேசட்டும்" என்றேன்.

ரேடியோ என்னைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். போர்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டு, யாராவது ஒருவர் முடிவாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தான்.